மைனஸ் இருபத்தைந்து

குவைத்தில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டிய காலத்தில், வியர்வை நின்றால் பயப்பட வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். வெயிலில் நிற்கிறவனுக்கு வியர்ப்பது நின்று தோல் காய்ந்துபோனால், அடுத்து அவன் விழுவான். லண்டனில் குளிர்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னது இதற்கு நேர்மாறு. வியர்க்கக் கூடாது. வியர்க்கும் அளவுக்கு வேகமாக வேலை செய்யக் கூடாது. உள்ளே போட்டிருக்கும் பனியன் நனைந்துவிட்டால், ஒரு நிமிடம் சும்மா நின்றாலே அது முதுகில் விறைக்கத் தொடங்கும். இரண்டு இடத்திலும் உடம்பு தாங்கியதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது நியாயமாகவே பட்டது.

குளிர் எனக்கு ஒரேயடியாக வரவில்லை. முதலில் மலைநாட்டு நுவரெலியா. பதினெட்டு வயதில் உருளைக்கிழங்கு லொறிகளில் மூட்டை ஏற்றப் போனேன். யாழ்ப்பாணத்து வெக்கையில் வளர்ந்த எனக்கு, பேசும்போது வாயிலிருந்து புகை வருவது விளையாட்டாக இருந்தது. அந்தக் குளிர் காலை பத்து மணிக்கு வெயிலைக் கண்டதும் போய்விடும். அதற்குப் பிறகு குவைத், ஊர், கலியாணம், ஒரு மகள். மகளுக்குப் பல் முளைக்கும் முன்பே, எண்பத்தாறாம் ஆண்டுக் கடைசியில், நாட்டை விட்டுக் கிளம்பினேன். விமானம் மொஸ்கோவில் நின்றது. படியிலிருந்து பஸ் வரை முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடிக்குள் மூக்குக்குள் இருக்கும் மயிர் ஊசியாக நின்றது. பிறகு பெர்லினில் ஒரு விடுதியில் ஆறு கிழமை. வெளியே மைனஸ் பத்து என்றாலும் உள்ளே வெறும் மேலோடு இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு இருக்கலாம். அங்கே சுவர் தடிப்பு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவை மூடினால் குளிர் வெளியே நின்றுவிடும்.

லண்டன் வேறு மாதிரி. இங்கே பூச்சியத்துக்குக் கீழே போகிற நாட்கள் குறைவு. நான் வந்து சேர்ந்த தை மாதம் மட்டும் பனி முழங்கால் வரை கொட்டியது. அதைப் பார்த்து இதுதான் வழக்கம் என்று நினைத்தேன். வழக்கம் அதுவல்ல. மூன்று பாகை, ஐந்து பாகை, தூறல், மூன்று மணிக்கே இருட்டுவது போன்ற வானம். அந்த ஐந்து பாகை ஈரமானது. கழற்றிக் கதிரையில் போட்ட சேட்டு, காலையில் யாரோ பிழிந்து போட்டது போல இருக்கும். கட்டிலை ஒட்டிய சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். துடைத்தால் பத்து நாளில் அதே இடத்தில் அதே உருவத்தில் திரும்ப வரும்.

ஆறு வருடத்தில் ஒன்பது அறைகள் மாறினேன். சவுத்தால், வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் என்று ஒவ்வொன்றையும் விட்டதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். ஜன்னல் சரியில்லை, கூட இருந்தவனின் வானொலி, வீட்டுக்காரரின் முகம். உண்மையில் நான்கு மாதம் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அதிக நாள் இருந்தது கோலியர்ஸ் வுட்டில், ஒரு வரிசை வீட்டின் பின்னறையில். அங்கே ஒரு கட்டிலை இரண்டு பேர் பங்கு போட்டோம். மற்றவர் பருத்தித்துறைப் பக்கத்து அண்ணை ஒருவர், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. நான் காலையில் எழும்பிப் போனதும் அவர் வந்து படுப்பார். நான் மூன்று மணிக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டு இருந்தால், அவர் எழும்பி முகம் கழுவிக்கொண்டு வெளிக்கிடுவார். நாங்கள் பேசிக்கொள்வது அந்தப் பத்து நிமிடம்தான்.

"அண்ணை, தலையணை எல்லாம் எண்ணெய்" என்றேன் ஒருநாள்.

"நீர் படுத்தெழும்பின பாயும் போர்வையும் மீன் மணக்குது. நான் ஏதும் சொன்னனானோ?"

"அது உறைஞ்ச மீன். மணக்காது."

"உமக்குத்தான் மூக்கு உறைஞ்சு போச்சு. எனக்கு இன்னும் வேலை செய்யுது."

குளிர்காலத்தில் அந்தக் கட்டிலுக்குள் நுழையும்போது அவர் விட்டுப்போன சூடு இருக்கும். அதிகம் இல்லை, நடுமுதுகு படும் இடத்தில் மட்டும். ஆறு வருடத்தில் இன்னொரு மனிதரின் சூடு என் மேல் பட்டது அப்படித்தான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம் அவர் கனடாவில் இருக்கும் தம்பியிடம் போய்விட்டார். அவருடைய பங்கையும் நானே எடுத்துக்கொண்டேன். அந்தக் கட்டில் எவ்வளவு குளிரானது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலை ஆற்றோரத்தில் இருந்த ஒரு பெரிய கிடங்கில். மீன், கோழி, பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாம் அங்கே வந்து, அடுக்கி, கடைகளுக்குப் போகும். தடித்த பிளாஸ்டிக் திரைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் வருடம் முழுவதும் மைனஸ் இருபத்தைந்து. மேலே பஞ்சு வைத்த உடுப்பு, இரண்டு சோடி கையுறை, கண் மட்டும் தெரியும் கம்பளித் தொப்பி. நாற்பது நிமிடம் உள்ளே, இருபது நிமிடம் வெளியே தேநீர் அறையில். உள்ளே எதுவும் மணக்காது. பேனா எழுதாது, மை இறுகிவிடும். பெட்டிகளை எண்ணி எழுத எல்லோரும் பென்சில் வைத்திருந்தோம். மீசையில் மூச்சு உறைந்து வெள்ளையாகும். தேநீர் அறைக்குள் வந்ததும் அது உருகிச் சொட்டும். அழுதவன் போலத் துடைத்துக்கொள்ள வேண்டும். இடது கையில் கடைசி இரண்டு விரல்களின் நுனி அங்கே செத்தது. இன்றும் ஊசி குத்தினால் தெரியாது. பொத்தான் போடும்போது மட்டும் நினைவு வரும்.

ஆனாலும் அந்தக் குளிரை நான் வெறுக்கவில்லை. காய்ந்த, தெளிவான குளிர் அது. திரைக்கு இந்தப் பக்கம் வந்தால் முடிந்தது. அறையில் இருந்த குளிருக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை.

வீட்டுக்கு எழுதும்போது இந்தக் கிடங்கைப் பற்றி நான் சொல்லவில்லை. மனைவியின் தமையன், தங்கச்சிக்கு எட்டாம் வகுப்புக்காரன் வேண்டாம் என்று கலியாணத்தின் போதே நின்றவர். அதனால் உணவுக் கொம்பனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன் என்று எழுதினேன். சாமான் வருவதையும் போவதையும் எழுதி வைக்கும் வேலை என்று விளக்கமும் கொடுத்தேன். பென்சில் இருந்தது, எழுதினேன், அது பொய்யில்லை. பெட்டி தூக்குவதுதான் விடுபட்டது.

ஒருநாள் தேநீர் நேரத்தில், விரல் இன்னும் சரியாக மடங்காத நிலையில், அவளுக்கு விமானக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நலம், நலம் அறிய ஆவல் என்ற வரிகளுக்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்கள் வெளிநாட்டிலிருந்து எழுதும் கடிதத்தில் கஷ்டம் எழுதுவதில்லை. தனிமை என்றால் ஆம்பிளைக்கு என்ன தனிமை என்பார்கள். வேலை கடினம் என்றால் ஏன் போனாய் என்பார்கள். வெட்கமில்லாமல் முறையிடக் கூடிய ஒரே விஷயம் குளிர். அது யாருடைய பிழையும் இல்லை. ஆகவே எழுதினேன்: "இன்று இங்கே மைனஸ் இருபத்தைந்து. பேனா மை உறைந்துவிட்டதால் பென்சிலால் எழுதுகிறேன்."

எங்கே மைனஸ் இருபத்தைந்து என்று எழுதவில்லை.

வழக்கமாக அவளுடைய பதில் ஒரு பக்கம் வரும். வாடகை, பால்மா, பிள்ளையின் காய்ச்சல். இந்த முறை நான்கு பக்கம் வந்தது. காதை மூடுகிறீர்களா, இரவு காலுக்கு என்ன போடுகிறீர்கள், சுடுதண்ணீர் கிடைக்கிறதா, நல்லெண்ணெய் பூசினால் தோல் வெடிக்காதாம். கலியாணமாகி இரண்டு வருடம் சேர்ந்து இருந்த காலத்தில் கூட அவள் என்னை இப்படி விசாரித்ததில்லை. அந்தக் கடிதத்தை உள் சட்டைப் பையில் வைத்து இரண்டு கிழமை கொண்டு திரிந்தேன். அடுத்த கடிதத்தில் மைனஸ் இருபத்தாறு என்று எழுதினேன். ஒரு முறை இயந்திரம் பழுதுபார்த்த பிறகு அப்படியும் இருந்தது.

அப்படியே மூன்று வருடம் போனது. மீசை உறைந்தது, கதவுப் பிடியில் கையுறை ஒட்டியது, இருமினால் நெஞ்சுக்குள் கண்ணாடி போல இருப்பது, எல்லாம் எழுதினேன். எல்லாம் நடந்தவைதான். எல்லாம் திரைக்கு உள்ளே நடந்தவை. தொண்ணூறில் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியபோது அவள் பிள்ளையோடு படகேறி, திருச்சியில் ஒரு வாடகை வீட்டில் போய் இருந்தாள். விலாசம் மாறியது, கடிதம் மாறவில்லை.

என்னை அகதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. இருக்க அனுமதி மட்டும் தந்திருந்தார்கள். நான்கு வருடம் போன பிறகுதான் குடும்பத்தை அழைக்கலாம். அந்த நாள் வந்ததும் விண்ணப்பத்தை நிரப்பித் தந்தது கிடங்கு அலுவலகத்தில் இருந்த மலேசியத் தமிழர் ஒருவர். கணக்கியல் படிக்க வந்தவர், படிப்பை முடிக்காமல் அங்கேயே கணக்கெழுத உட்கார்ந்துவிட்டார். என்னை விட நான்கைந்து வயது இளையவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தொண்ணூற்றிரண்டு பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதராசில் மனைவிக்கு விசா நேர்முகம் என்று கடிதம் வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்பு அவளுடைய கடிதம் வந்தது.

"பிள்ளைக்குத் தொய்வு திரும்ப வந்திருக்கிறது" என்று எழுதியிருந்தாள். மூச்சு இழுக்கும் வருத்தத்தை நாங்கள் அப்படிச் சொல்வோம். "பனிக்காலம் வந்தால் இங்கேயே இரண்டு இரவு மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியுள்ளது. உங்கள் ஊர்க் குளிரைச் சொன்னேன். டொக்டர் தன் தலையில் கை வைத்தார். நான் நேர்முகத்துக்குப் போகப் போவதில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மலேசியக்காரரிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி முழுவதையும் வாசித்தார்.

"உங்க ஊர்க் குளிர்னா எந்த ஊர் அண்ணே? இந்த லண்டனா?"

"ஓம்."

"வெளிய பாருங்க. ஒருத்தன் அரைக்கையோட சைக்கிள் ஓட்டிட்டுப் போறான். பங்களூர் மாதிரி இருக்கு லா." மலேசியப் பழக்கத்தில் லா போட்டு முடித்துவிட்டு அவர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க என்ன எழுதினீங்க?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஃபிரீசருக்குள்ள உக்காந்துகிட்டு லண்டனுக்கு வெதர் ரிப்போர்ட் எழுதியிருக்கீங்க. நல்ல வேளை, பேக்கரில வேலை செய்யல. லண்டன் இருநூறு டிகிரின்னு எழுதியிருப்பீங்க."

"இப்ப என்ன செய்யிறது?"

"போன் பண்ணிச் சொல்லுங்க. இந்த டேட் போச்சுன்னா மறுபடி முதல்லேருந்து வரணும். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ."

"கிடங்கிலை பெட்டி தூக்கிறன் எண்டும் சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்க. நானும்தான் வீட்டுல ஆடிட்டர்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆனா நான் யாரையும் குளிர் காட்டிப் பயமுறுத்தல."

திருச்சியில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி வைத்த கடை ஒன்று இருந்தது. சனிக்கிழமை அங்கே பேசி, மறுநாள் மூன்று மணிக்கு அவளை வரச் சொல்லும்படி சொன்னேன். எனக்குக் காலை ஒன்பதரை. கோலியர்ஸ் வுட் நிலையத்துக்கு அருகில் இருந்த தொலைபேசிப் பெட்டிக்குள் நின்றேன். கண்ணாடியில் ஒன்று உடைந்து காற்று முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. தூறல். அவளுடைய குரலைக் கேட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"சுகமோ?" என்றாள்.

"ஓம். பிள்ளை எங்கை?"

"பக்கத்து வீட்டிலை விளையாடுறாள். கூட்டிக்கொண்டு வரேல்லை, கடையிலை சனம்."

"கடிதம் கிடைச்சது. செவ்வாய்க்கிழமை நீ போகத்தான் வேணும். இஞ்சை இப்ப குளிர் குறைஞ்சிட்டுது."

அந்த நாளில் குரல் போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் பிடிக்கும். நான் காத்திருந்தேன்.

"போன கடிதத்திலை மைனஸ் இருபத்தாறு எண்டு எழுதினனீங்கள்."

"அது கூடிக் குறையும்."

"இப்ப எவ்வளவு?"

"எட்டு."

"மைனஸ் எட்டோ?"

"இல்லை. சும்மா எட்டு."

அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் என்னை விடக் கெட்டிக்காரி.

"மூண்டு கிழமையிலை முப்பத்திநாலு பாகை குறைஞ்சதோ? என்ன ஊரப்பா அது?"

அதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. கிடங்கைச் சொன்னேன். திரையைச் சொன்னேன். ஸ்டோர் கீப்பர் இல்லை, மீன் பெட்டியும் கோழிப் பெட்டியும் தூக்குகிறேன், மைனஸ் இருபத்தைந்து அந்தக் கட்டடத்துக்குள் மட்டும், லண்டனில் சனம் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறது, இப்போது கூட என் கண்ணுக்கு முன்னால் ஒன்று போகிறது என்றெல்லாம் சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் கடையில் யாரோ சில்லறை கேட்பது கேட்டது.

"இதை ஏன் எனக்கு ஒளிக்க வேணும்?" என்றாள். "குவைத்திலை கம்பி கட்டினவர் எண்டு தெரிஞ்சுதானே உங்களைக் கட்டினனான். என்ரை அண்ணை கேட்டா நான் பதில் சொல்லியிருப்பன்."

"சரி. இப்ப தெரிஞ்சிட்டுதுதானே. செவ்வாய்க்கிழமை போ."

"நான் நினைச்சது வேறை."

"என்ன?"

"வர வேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையாக்கும், அதுதான் குளிரைப் போட்டு எழுதுறியள் எண்டு நினைச்சன். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பாகை கூட்டுறியள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு விலாசம். நாங்கள் வந்தா எங்கை இருக்கிறது எண்டு ஒரு வரி இல்லை. பிள்ளையின்ரை வருத்தம் இருக்கத்தான் இருக்கு. ஆனா அதைச் சாட்டாச் சொன்னா உங்களுக்கும் சுகம் எண்டு பாத்தன்."

அப்படி இல்லை என்று நான் அந்த நேரமே சொல்லியிருக்க வேண்டும். மூன்று எழுத்துச் சொல், இல்லை. வாயைத் திறந்தேன். அதற்கு முன்பு எனக்குள் ஒன்று, அவள் சொல்வது முழுக்கப் பிழையா என்று பார்க்கத் தொடங்கிவிட்டது. நான்கு மாதத்துக்கு ஒரு அறை மாறுகிறவன் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயில் நிலையத்தில் இறங்கும் போது மனம் லேசாக இருக்கும். பெண்சாதி பிள்ளை வந்தால் அது முடிந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்களை நினைத்து ஏங்கியதும் உண்மை, அந்தக் கடிதங்களை எழுதும்போது என் கை கொஞ்சம் தாராளமாகவே எழுதியதும் உண்மை. இதில் எது பெரிது என்று அந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

குரல் கடக்க ஒரு மூச்சு போதும். நான் நான்கைந்து மூச்சு எடுத்துவிட்டேன்.

"சரி, பிறகு கதைப்பம்" என்றாள். "ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

செவ்வாய்க்கிழமை விடிய ஐந்தரைக்கு நான் கிடங்கில் இருந்தேன். மதராசில் பதினொரு மணி. பெட்டிகளை அடுக்கும்போது அவள் இப்போது பெஞ்சில் இருப்பாள், இப்போது கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அவசரமாகத் தூக்கியிருக்க வேண்டும், பனியன் நனைந்துவிட்டது. மேற்பார்வைக்காரர் என்னைப் பார்த்துத் தேநீர் அறைக்குப் போகச் சொன்னார். சூடாக்கியின் முன்னால் உட்கார்ந்தும் நடுக்கம் நிற்க அரை மணி பிடித்தது. மறுபடி தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். எடுக்கவில்லை. அவளிடமிருந்து வந்த கடிதம் சிறியது.

"நீங்கள் பதில் சொல்லாதபடியால் போகவில்லை. பிள்ளைக்கு இப்போது சுகம். யோசித்து எழுதவும். குளிரைப் பற்றி எழுத வேண்டாம்."

அந்தப் பதிலை எழுத மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தேன். குளிரை விட்டால் சொல்ல என்ன இருக்கிறது என்று முதல் ஞாயிறு முழுக்கத் தெரியவில்லை. பிறகு ஒன்பது அறைகளையும் வரிசையாக எழுதினேன். எதை ஏன் விட்டேன் என்று எழுதினேன். ஒரு கட்டிலில் மாறி மாறிப் படுத்ததையும், அண்ணை கனடாவுக்குப் போனதையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையில் ரூட்டிங் வரை நடந்து போய், கடைகளைப் பார்த்துவிட்டு, யாரோடும் ஒரு சொல் பேசாமல் திரும்பி வருவேன் என்று எழுதினேன். விரல் நுனியை எழுதினேன். எனக்குக் கால் நிற்காது, இது பழக்கம், இதை நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்று எழுதினேன். கடைசியில் வாருங்கள் என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை ஆறு வருடத்தில் நான் எழுதியதே இல்லை என்பதை எழுதும்போதுதான் கவனித்தேன். எப்போதும் "வர வசதி செய்கிறேன்" என்றுதான் எழுதியிருந்தேன்.

மலேசியக்காரர் மறுபடி படிவம் நிரப்பினார்.

"இந்த வாட்டி வாய மூடிட்டு இருங்க அண்ணே" என்றார். "மழை பெய்யுதுன்னு கூட எழுதாதீங்க."

அந்த ஆவணியில் மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் இரண்டு அறையும் குசினியும் எடுத்தேன். முருகன் கோயிலுக்கு நடந்து போகலாம். பள்ளிக்கூடம் தெருவின் அடுத்த முனையில். பின்னறைச் சுவரில் ஈரம் இருந்தது. ஈரம் தொய்வுக்கு ஆகாது. பூஞ்சணத்தைச் சுரண்டி, கழுவி, வெள்ளை அடித்து, சூடாக்கி ஒன்று வாங்கி அந்த அறையில் வைத்தேன். வேலையால் வந்ததும் அதைப் போடுவேன். கதவைச் சாத்திவிட்டு நான் முன்னறையில் கோட்டோடு படுத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் ஒருநாள் மேலே ஏறி வந்து, ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு என்று கேட்டார். சுவர் காய்வதற்கு என்றேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படிப் போனது. அடுத்த வருடம் கோடையிலும் மழை நாட்களில் போட்டேன். இரண்டு முறை எனக்குக் கால் அரித்தது. ஒரு முறை பெட்டியை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தும் விட்டேன். பிறகு மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஒரு இடத்தில் பதினான்கு மாதம் தொடர்ந்து இருந்தது நாட்டை விட்ட பிறகு அதுவே முதல் முறை. யாரும் இல்லாமல் இருந்தேன்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் அவர்கள் வந்தார்கள். ஹீத்ரோவில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மனைவி மெலிந்திருந்தாள், முன்னால் கொஞ்சம் நரை. என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிள்ளைக்கு ஏழு வயது. நான் வாங்கி வைத்திருந்த கோட்டு அவளுக்குக் கை நீளவில்லை. மணிக்கட்டுக்கு மேலே நின்றது. அவள் அதைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். வெளியே பதினொரு பாகை, காற்று. பிள்ளை மூச்சை இழுத்து விடுகிறாளா என்று நான் அவளுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் நன்றாகத்தான் இருந்தாள். ரயில் ஏறியதும், நான் பார்ப்பதைக் கண்டு அம்மாவின் மறுபக்கம் மாறி உட்கார்ந்தாள்.

ரயிலில் ஒன்றரை மணி நேரம். என்ன பேசுவது என்று தெரியாமல் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தேன். மனைவி ஓம், ஓம் என்று கேட்டாள்.

வீட்டில் சோறும் முட்டைக் குழம்பும் செய்து வைத்திருந்தேன். பிள்ளை சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்தாள். பின்னறை சூடாக இருந்தது. இரட்டைக் கட்டிலில் புதுப் போர்வை விரித்திருந்தேன். அதன் மேல் ஏறி, முழங்காலால் நடந்து சுவர்ப் பக்கம் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் திருச்சித் தமிழில் கேட்டாள். மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, இவரு எங்க தூங்குவாரு?"

மனைவி தண்ணீரை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

"அவரையே கேள்" என்றாள்.

பிள்ளை என்னிடம் வரவில்லை, வாசலில் நின்றாள். நான் முன்னறையைக் காட்டினேன். அங்கே என் ஒற்றைக் கட்டில் இருந்தது. அவள் போய் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சரி என்பது போலத் தலையாட்டிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவை முக்கால்வாசி சாத்தினாள்.